ஈரானிய மொழியியலாளர் என்னதான் செய்கிறார்?

ஒருவர் ஈரானிய மொழிகளில் ஆய்வு செய்கிறார் என்று சொன்னால் கேட்பவர்களில் சிலர் அவர் பாரசீகக் கவிதைகளை மொழிபெயர்ப்பவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் தூதரகத்தில் துபாஷி வேலை பார்ப்பவர் என்று நினைக்கிறார்கள். ‘மொழியியலாளர்’ என்ற சொல்லும் கூடச் சேர்ந்துவிட்டால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “உங்களுக்கு எத்தனை மொழி பேசத் தெரியும்?”

அந்தத் துறையின் பெரிய பேராசிரியர்களில் பலர் தாங்கள் வாழ்நாளெல்லாம் படித்த மொழியில் ஒரு தேநீர்கூடக் கேட்டு வாங்கியிருக்க முடியாது. அந்த மொழியைப் பேசிய கடைசி மனிதர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்படியானால் இவர்கள் எதைப் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள், இதை வைத்து ஒரு வேலை எப்படிக் கிடைக்கிறது? புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்காக அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

ஈரானிய மொழியும் ஈரான் நாட்டு மொழியும்

வடமேற்கு ஈரானின் தப்ரீஸ் நகரத்துக் கடைத்தெருவில் கேட்கிற அசேரி, துருக்கிய மொழிகளில் ஒன்று. தென்மேற்கே குஸெஸ்தான் பகுதியில் பலர் அரபு பேசுகிறார்கள். இரண்டும் ஈரான் நாட்டுக்குள் இருக்கின்றன. இரண்டுமே ஈரானிய மொழிகள் ஆகா. காக்கசஸ் மலைத்தொடரில் பேசப்படும் ஒஸ்ஸெட்டிய மொழியோ ஈரானுக்கு வெளியே இருந்தும் அசல் ஈரானிய மொழி. ஆப்கானிஸ்தானின் பஷ்தோ, தஜிகிஸ்தானின் தஜிக், பாகிஸ்தானிலும் ஈரானிலும் பேசப்படும் பலூச்சி, நான்கைந்து நாடுகளில் சிதறிக் கிடக்கும் குர்திஷ் எல்லாம் இந்தக் கூட்டம்தான். பாமீர் மலைப் பகுதியின் வாகி என்ற சிறிய மொழி ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான், பாகிஸ்தான், சீனா என்று நான்கு நாடுகளில் வாழ்கிறது.

‘ஈரானிய’ என்பது இங்கே ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். ஒரே பழைய மொழியிலிருந்து காலப்போக்கில் பிரிந்து வளர்ந்த மொழிகளின் கூட்டத்தை மொழிக்குடும்பம் என்கிறோம். ஈரானிய மொழிகள் சமஸ்கிருதத்துக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டும் சேர்ந்து இந்தோ–ஈரானியம் என்ற கிளை. அது இந்தோ–ஐரோப்பியம் என்ற பெருங்குடும்பத்தின் ஒரு பகுதி. உறவு என்பது மொழிகளுக்குள்தான். பேசுகிறவர்களின் ரத்தத்தைப் பற்றியோ மூக்கின் அளவைப் பற்றியோ இதில் எதுவும் இல்லை. இதைக் குழப்பிக்கொண்டவர்கள் சென்ற நூற்றாண்டில் செய்த நாசம் போதும்.

உறவு என்று எப்படித் தெரியும்?

சொற்கள் ஒன்றுபோல ஒலிப்பது மட்டும் உறவுக்குச் சான்று ஆகாது. கடன் வாங்கியிருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். மொழியியலாளர் தேடுவது ஒழுங்கான வேறுபாட்டை. ஒரு மொழியில் ஓர் ஒலி வரும் இடத்தில் இன்னொரு மொழியில் வேறோர் ஒலி தவறாமல் வர வேண்டும். இதற்கு ஒலிமாற்ற விதி என்று பெயர்.

ஏழு என்பதற்குச் சமஸ்கிருதத்தில் ‘சப்த’. ஈரானியக் கிளையின் மிகப் பழைய மொழியான அவெஸ்தாவில் (பார்சிகளின் வேதநூலுக்கும் இதே பெயர்) ‘ஹப்த’. இன்றைய பாரசீகத்தில் ‘ஹஃப்த்’. இந்தியில் வாரத்தைக் குறிக்கும் ‘ஹஃப்தா’ அங்கிருந்து வந்ததுதான். மாதம் சமஸ்கிருதத்தில் ‘மாச’, பாரசீகத்தில் ‘மாஹ்’. பத்து ‘தச’, பாரசீகத்தில் ‘தஹ்’. ஸகர இனத்து ஒலிகள் இருந்த இடத்தில் ஹகரம் நிற்கிறது. ஆனால் கையைக் குறிக்கும் ‘ஹஸ்த’ பாரசீகத்தில் ‘தஸ்த்’. இங்கே நடுவில் உள்ள ஸகரம் ஏன் ஹகரமாகவில்லை? ஏனென்றால் அதற்குப் பின்னால் உயிரொலி இல்லை, தகரம் இருக்கிறது. தகரத்துக்கு முன்னால் ஸகரம் அப்படியே நிற்கும். விதிவிலக்கு என்று தோன்றியதும் ஒரு விதிக்குள்தான் அடங்குகிறது. இந்த இடத்தில்தான் ஒரு மாணவருக்குப் பித்துப் பிடிக்கிறது, அல்லது அவர் வேறு துறைக்குப் போய்விடுகிறார்.

அதே ‘ஹஸ்த’ சொல்லின் முதல் எழுத்தையும் பார்க்கலாம். சமஸ்கிருதத்தில் ஹ, அவெஸ்தாவில் ‘ஜஸ்த’, பாரசீகத்தில் ‘தஸ்த்’. (இந்த ஜ, ‘நமாஜ்’ என்பதன் முடிவில் வரும் அதிரும் ஒலி. அதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லை.) மருமகனுக்குப் பாரசீகத்தில் ‘தாமாத்’. இந்திப் படங்களில் கேட்டிருப்பீர்கள். பலூச்சியில் ‘ஜாமாத்’. அறிதல் என்ற வினையின் வேர் பாரசீகத்தில் ‘தான்’, பலூச்சியிலும் குர்திஷிலும் ‘ஜான்’. பாரசீகத்தில் த வருகிற இடத்தில் மற்ற இரண்டும் ஜ என்கின்றன. ஆகவே குர்திஷும் பலூச்சியும் பாரசீகத்தின் கொச்சை வடிவங்கள் என்று சொல்பவர்களுக்கு விடை இந்த ஓர் ஒலியிலேயே இருக்கிறது. பாரசீகம் தன் வழியில் மாறியது, அவை தங்கள் வழியில் மாறின. யாரும் யாருடைய கொச்சையும் இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஈரானியம் என்பது குடும்பப் பெயர், குடும்பத்தை நிறுவுவது ஒலிகளின் ஒழுங்கான மாற்றம், ஓர் ஒலி எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விதி கிடைக்கும்.

தாய்ப் பத்திரம் தேடுவது

நிலம் வாங்கப் போகிறவர் தாய்ப் பத்திரத்தைக் கேட்பார். இன்றைக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது போதாது. அவருக்கு யார் விற்றார்கள், அதற்கு முன்னால் யாரிடம் இருந்தது, நடுவில் பாகப்பிரிவினை நடந்ததா என்று கண்ணி கண்ணியாகப் பின்னால் போக வேண்டும். நடுவில் ஒரு பத்திரம் இல்லை என்றால் வக்கீல் முகம் சுளிப்பார். ஈரானிய மொழியியலாளர் செய்வது ஏறக்குறைய இதே வேலை. பத்திரங்கள் மூன்று அடுக்காக இருக்கின்றன. மிகப் பழைய அடுக்கில் அவெஸ்தாவும், பாறைகளில் ஆப்பெழுத்தில் வெட்டப்பட்ட பழம்பாரசீகமும். இடைக்கால அடுக்கில் நடுப்பாரசீகம், பார்த்தியம், சமர்கந்த் வட்டாரத்துச் சோக்தியம், இன்றைய மேற்குச் சீனத்தின் கோத்தானியம், பாக்டிரியம் முதலியவை, ஏறத்தாழ கி.மு. 300 முதல் கி.பி. 900 வரை. அதற்குப் பிறகு இன்றுவரை உள்ளவை புதிய அடுக்கு.

பாரசீகத்துக்கு மூன்று பத்திரமும் கையில் இருக்கின்றன. இப்படிப்பட்ட பாக்கியம் உலகில் சில மொழிகளுக்கே வாய்த்திருக்கிறது. பஷ்தோவுக்குப் பட்டா மட்டும்தான்: பல கோடிப் பேர் பேசுகிறார்கள், ஆனால் நம்பத் தகுந்த பழைய எழுத்து சில நூற்றாண்டுகளுக்கு அப்பால் இல்லை. கோத்தானியத்தின் கதை நேர்மாறு. பாலைவன மணலில் கட்டுக்கட்டாக மரப்பலகைகளும் தாள்களும் கிடைத்தன, உரிமை கொண்டாட ஒரு வாரிசும் இல்லை. சோக்தியத்துக்கு நேர்வாரிசு இல்லையென்றாலும் பங்காளி ஒருவர் இருக்கிறார். தஜிகிஸ்தானின் யக்னோப் பள்ளத்தாக்கில் பேசப்படும் யக்னோபி, சோக்தியத்தின் ஒரு வட்டார வழக்கிலிருந்து வந்தது. 1970, 1971இல் சோவியத் அரசு அந்த மலைவாசிகளைக் கட்டாயமாகக் கீழே இறக்கிப் பருத்தி விளையும் சமவெளியில் குடியேற்றியது. பட்டாதாரரையே ஊரைவிட்டு வெளியேற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆய்வாளர் தம் வாழ்க்கையில் எந்த அடுக்கில் நிற்பார் என்பது முதலில் முடிவாக வேண்டிய விஷயம். பழைய, நடு அடுக்கில் நிற்பவருக்குச் சுவடிகள்தான் உலகம். புதிய அடுக்கில் நிற்பவர் மலையேறி, பேசுகிறவர்களைத் தேடிப் போக வேண்டும். நல்ல ஆய்வாளர் இரண்டிலும் கால் வைப்பார்.

புதுச்சேரியில் வந்து இறங்கிய ஒருவர்

ஐரோப்பாவில் இந்தப் படிப்பு தொடங்கியதில் நம் கடற்கரைக்கும் சிறு பங்கு உண்டு. ஆன்கெதில் துய்பெரோன் என்ற பாரிஸ் இளைஞர், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஒரு சுவடியின் சில பக்கங்களின் படியைப் பார்த்தார். ஒருவராலும் வாசிக்க முடியாத எழுத்து. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தியாவில் இருக்கும் பார்சிகள் மட்டும்தான் என்று தெரிந்ததும், கப்பலுக்குக் காசில்லாமல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சிப்பாயாகப் பெயர் கொடுத்துவிட்டார். வயது 23. 1755 ஆகஸ்டில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கிருந்து வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த சந்தன்நகர் போனார். அதை ஆங்கிலேயர் பிடித்ததும் தரைவழியாகவே திரும்பப் புதுச்சேரிக்கு வந்தார். கடைசியில் 1758இல் சூரத்தை அடைந்து, தாராப் என்ற பார்சி குருவிடம் பாடம் கேட்டார். 1762இல் 180 சுவடிகளோடு பாரிஸ் திரும்பினார். 1771இல் அவெஸ்தாவின் மொழிபெயர்ப்பு வெளியானது.

பலன் என்ன? அதே ஆண்டு இளைஞர் வில்லியம் ஜோன்ஸ், இது போலி, இவ்வளவு அபத்தமான நூலைப் பார்சி சமயத்தின் நிறுவனர் ஜரதுஷ்டிரர் எழுதியிருக்க முடியாது என்று காரசாரமாகத் தாக்கி ஒரு சிறு நூல் எழுதினார். பின்னாளில் சமஸ்கிருதத்தின் உறவுகளைப் பற்றிப் பேசிப் பெரும்புகழ் பெற்ற அதே ஜோன்ஸ்தான். 1826இல் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் அவெஸ்தாவின் மொழி உண்மையானது, பழமையானது, சமஸ்கிருதத்துக்கு உறவானது என்று நிறுவினார். ஆன்கெதில் அப்போது உயிருடன் இல்லை. அவருடைய மொழிபெயர்ப்பில் பிழைகள் மலிந்திருந்தன என்பதும் உண்மை. குரு சொன்ன பொருளைப் பாரசீகம் வழியாகக் கேட்டு எழுதியவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஒரு பேராசிரியர் உருவாகும் விதம்

இந்தத் துறையில் ஒரு வாழ்க்கை எப்படி ஓடும் என்பதற்கு வால்டர் புரூனோ ஹென்னிங்கை எடுத்துக்கொள்கிறேன். 1908இல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தவர். படிக்க வந்தது கணிதம் என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு அவர் எழுத்தில் கணக்கு இருக்கும்; தேவையில்லாத ஒரு சொல் இருக்காது. கோட்டிங்கனில் ஃபிரீட்ரிஷ் கார்ல் ஆந்திரேயாஸிடம் மாணவரானார்.

ஆந்திரேயாஸ் ஒரு விசித்திரம். அவருக்குத் தெரியாத ஈரானிய மொழி இல்லை என்பார்கள். எழுதி வெளியிட்டதோ சொற்பம். ஜெர்மானியர்கள் 1902க்கும் 1914க்கும் இடையில் நான்கு முறை சீனத் துருக்கிஸ்தானின் துர்ஃபான் பகுதிக்குப் பயணம் போய், பாலைவனத்தில் புதைந்திருந்த சுவடித் துண்டுகளை பெர்லினுக்குக் கொண்டுவந்தார்கள். மானி என்ற தீர்க்கதரிசியின் சமயத்தவர் எழுதிய நடுப்பாரசீக, பார்த்திய, சோக்திய நூல்கள் அவற்றில் இருந்தன. ஆந்திரேயாஸ் அவற்றைப் படித்து மேசை அறையில் பூட்டி வைத்திருந்தார். 1930இல் இறந்துபோனார். அப்போது ஹென்னிங்குக்கு வயது 22. ஆசிரியரின் தாள்களிலிருந்து அந்த நூல்களைப் பதிப்பித்து 1932 முதல் 1934 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்டவர் அவர்தான்.

இந்தத் துண்டுகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஈரானில் எழுதப்பட்ட நடுப்பாரசீகத்தின் எழுத்துமுறை மகா குழப்பம். ‘மல்கா’ என்று அரமேயச் சொல்லை எழுதிவிட்டு ‘ஷாஹ்’ என்று வாசிப்பார்கள். எழுத்தைப் பார்த்து உச்சரிப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது. மானியர்களோ தங்களுக்கென்று தெளிவான ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு, பேசியபடியே எழுதினார்கள். பல நூற்றாண்டுகளாகத் திரைபோட்டு வைத்திருந்த மொழியின் ஒலி முதன்முறையாகக் கேட்டது. ஹென்னிங்கின் முனைவர் பட்ட ஆய்வே இந்தத் துண்டுகளில் வரும் நடுப்பாரசீக வினைச்சொற்களைப் பற்றியது. தலைப்பு சிறியதாகத் தெரியலாம். இந்தத் துறையில் முதல் ஆய்வு எப்போதும் அப்படித்தான் இருக்கும்: ஒரே ஒரு சுவடித் தொகுதி, அல்லது ஒரே ஒரு கிராமத்து வழக்கு, அல்லது ஒரே ஓர் இலக்கணக் கூறு.

1936இல் அவர் லண்டனுக்குப் போனார். மணக்கவிருந்த மரியா பொலோட்ஸ்கி யூதக் குடும்பத்தவர். ஹிட்லரின் ஜெர்மனியில் அது நடவாத காரியம். லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைக் கல்வி நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்த பதவியின் பெயர் ‘பார்சி சமூக விரிவுரையாளர்’. அந்தப் பதவிக்கான பணத்தைப் பார்சி சமூகம் கொடுத்தது. அவருக்கு முன்னால் அதில் இருந்தவர் ஹரால்ட் பெய்லி. அவர் கேம்பிரிட்ஜில் சமஸ்கிருதப் பேராசிரியராகப் போனதால்தான் இடம் காலியானது. ஓர் இடம் காலியாக வேண்டுமென்றால் ஒருவர் போக வேண்டும். இன்றும் நிலைமை இதுவே. 1940இல் ஹென்னிங்கை எதிரி நாட்டவர் என்று சொல்லி பிரிட்டிஷ் அரசு மான் தீவில் அடைத்து வைத்தது. ஹிட்லரிடமிருந்து ஓடிவந்தவரை ஜெர்மானியர் என்று பிடித்துப் போட்டார்கள். வெளியே வந்து மறுபடியும் சுவடிகளிடம் போனார். 1961இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குச் சென்றார். 1967இல் அங்கே இறந்தார்.

அவர் செய்த வேலையில் ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 1907இல் ஆரெல் ஸ்டைன், சீனாவின் தூன்ஹுவாங் அருகே ஒரு பழைய காவல் கோபுரத்தின் குப்பையிலிருந்து சில கடிதங்களை எடுத்தார். சோக்திய வணிகர்கள் எழுதியவை. எந்த ஆண்டு என்று அவற்றில் இல்லை. அவற்றில் ஒரு கடிதம், சீனப் பேரரசர் பஞ்சத்தால் தலைநகரைவிட்டு ஓடிவிட்டார், அரண்மனையை எரித்துவிட்டார்கள், ‘ஹூண்’கள் வந்துவிட்டார்கள் என்று அலறுகிறது. சீன வரலாற்று நூல்களில் லோயாங் நகரம் எரிந்தது 311ஆம் ஆண்டு. அப்படியானால் கடிதம் அதற்குச் சற்றுப் பின்னால் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று 1948இல் ஹென்னிங் காட்டினார். ஒரு சொல்லின் வாசிப்பு, ஓர் ஊர்ப்பெயர், ஒரு சீன நூல்: மூன்றையும் சேர்த்தபோது ஆண்டு கிடைத்தது. சோக்திய மொழியின் காலமும் எழுத்தின் காலமும் அதிலிருந்து கணக்காயின.

அதே கட்டில் மிவ்னாய் என்ற பெண்ணின் கடிதமும் இருக்கிறது. கணவன் தன்னைத் தூன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான், சோற்றுக்கு வழியில்லை. உனக்கு மனைவியாக இருப்பதைவிட ஒரு நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறாள். வினைமுற்றுகளையும் வேற்றுமை உருபுகளையும் எண்ணிக்கொண்டிருப்பவர் முன்னால் இப்படி ஒரு குரல் திடீரென்று எழும். இத்துறைக்காரர்கள் குறைந்த சம்பளத்துக்கும் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

மலைக்குப் போனவர்

நோர்வேயின் கேயோர்க் மோர்கென்ஸ்டியர்ன (1892–1978) மறுபக்கத்தின் முன்னோடி. 1924இல் தம் நாட்டு மன்னரின் அறிமுகக் கடிதத்தோடு காபூல் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நூற்றாண்டில் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் காபூல் வட்டாரத்தில் பேசப்படும் பதினோரு மொழிகளைப் பட்டியலிட்டிருந்தார். அவற்றில் ஒன்று பராச்சி. அது எப்போதோ அழிந்துவிட்டது என்று எண்ணியிருந்தபோது, மோர்கென்ஸ்டியர்ன அதைப் பேசுகிறவர்களையே கண்டுபிடித்துவிட்டார். இந்துகுஷ் பள்ளத்தாக்குகள் சிலவற்றில் அது உயிரோடு இருந்தது.

இதற்குத்தான் கள ஆய்வு என்று பெயர்: மொழியைப் பேசுகிறவரோடு உட்கார்ந்து, கேட்டு, எழுதிக்கொள்வது. கை, கால், அப்பா, அம்மா, ஒன்று முதல் பத்து என்று அடிப்படைச் சொற்களில் ஆரம்பிப்பார்கள். இவை எளிதில் கடன் வாங்கப்படாதவை. பிறகு ‘நான் உன்னைப் பார்க்கிறேன்’, ‘நான் உன்னைப் பார்த்தேன்’ என்று வாக்கியங்களுக்குப் போவார்கள். கடைசியில் கதை சொல்லச் சொல்வார்கள். கேள்விக்குப் பதில் சொல்லும்போது மனிதர் அகராதிபோலப் பேசுவார். கதை சொல்லும்போதுதான் இலக்கணம் தன் முழு உருவத்தோடு வெளியே வரும். ஒரு தலைமுறை கழித்து டேவிட் நீல் மெக்கென்சி, பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் பணியில் இருந்தபோது பஷ்தோ கற்றவர், ஈராக்கின் குர்திஷ் வழக்குகளை இப்படித்தான் பதிவு செய்தார். ரஷ்யாவில் வசிலி அபாயெவ் தம் சொந்த மொழியான ஒஸ்ஸெட்டியத்துக்கு எழுதிய சொற்பிறப்பு அகராதி 1958இல் வரத் தொடங்கி 1989இல் நிறைந்தது.

‘எனக்குச் செய்தது’: ஒரு வாக்கியத்தின் வயது

மேலே சொன்ன அந்த இரண்டு ‘பார்’ வாக்கியங்களை வைத்தே, சுவடியும் களமும் எப்படிச் சேர்கின்றன என்று காட்டலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும். முழு எந்திரமும் இங்கேதான் இருக்கிறது.

வடக்குக் குர்திஷில் ‘நான் உன்னைப் பார்க்கிறேன்’ என்பது *எஜ் தெ திபீனிம்*. எஜ் என்றால் நான், தெ என்றால் உன்னை. வினையின் முடிவில் உள்ள இம் ‘நான்’ என்பதைக் காட்டுகிறது. நம் ‘ஏன்’ விகுதிபோலவே. இறந்தகாலத்துக்குப் போனால் எல்லாம் தலைகீழ்: *மின் து தீதீ*. ‘நான்’ இப்போது மின் ஆகிவிட்டது. ‘நீ’ எழுவாயின் வடிவத்துக்கு வந்துவிட்டது. வினையோ ‘நீ’ என்பதற்கு ஏற்ற விகுதியைக் கொண்டிருக்கிறது. இந்தி படித்தவர்களுக்கு ‘மைனே ரோட்டீ காயீ’ நினைவுக்கு வரும். அங்கும் வினை ரொட்டியோடு ஒத்துப்போகிறது, சாப்பிட்டவரோடு ஒத்துப்போவதில்லை. பஷ்தோவும் இப்படித்தான். பாரசீகத்தில் இந்தக் கூத்து இல்லை.

எங்கிருந்து வந்தது? கி.மு. 520 வாக்கில் பாரசீகப் பேரரசர் தாரியுஸ் மேற்கு ஈரானின் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் தம் வெற்றிகளை வெட்டிவைத்தார். அதில் திரும்பத் திரும்ப வரும் தொடர் *மனா கர்த்தம்*. ‘நான் செய்தேன்’ என்று அவர் சொல்லவில்லை. ‘கர்த்தம்’ என்றால் செய்யப்பட்டது; ‘மனா’ என்பது ‘என்னுடைய’, ‘எனக்கு’ இரண்டுக்கும் பொதுவான வடிவம். ‘என்னால் செய்யப்பட்டது’ என்றே வெகுநாள் விளக்கிவந்தார்கள். 1952இல் பிரெஞ்சு அறிஞர் எமீல் பென்வெனிஸ்த் மறுத்தார். இது செயப்பாட்டுவினை இல்லை, உடைமை வாக்கியம் என்றார். ‘எனக்கு ஒரு மகன் உண்டு’ என்பதுபோல ‘எனக்குச் செய்தது உண்டு’. தமிழருக்கு இது சட்டென்று விளங்கும், ஏனென்றால் நாம் உடைமையை இப்படித்தான் சொல்கிறோம். ‘உடைய’ என்பதற்குத் தனி வினை வைத்திருக்கும் ஐரோப்பியர்களுக்குத்தான் ஒரு கட்டுரை தேவைப்பட்டது. விவாதம் அதோடு அடங்கவில்லை. பென்வெனிஸ்த்தை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் பிறகும் எழுதினார்கள்.

குர்திஷின் ‘மின்’ பழம்பாரசீக ‘மனா’வின் உடன்பிறப்பு. ‘எஜ்’ அவெஸ்தாவின் ‘அஜெம்’, சமஸ்கிருதத்தின் ‘அஹம்’ ஆகியவற்றின் உடன்பிறப்பு; முன்பு பார்த்த ஹ–ஜ விதி இங்கேயும் வேலை செய்கிறது. குர்திஷ் இரண்டையும் காப்பாற்றி வைத்துக்கொண்டது. பாரசீகமோ பழைய ‘நான்’ சொல்லைக் கைவிட்டு, ‘மனா’விலிருந்து வந்த ‘மன்’ என்பதையே எல்லாக் காலத்துக்கும் ‘நான்’ ஆக்கிக்கொண்டது. அதனால்தான் அங்கே இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒரே முறையில் ஓடுகின்றன. மலைக்குப் போய்க் கேட்டவர் இல்லாமல் பாறையைப் படித்தவருக்கு இதன் முடிவு தெரியாது. பாறையைப் படித்தவர் இல்லாமல் மலைக்குப் போனவருக்குத் தொடக்கம் தெரியாது.

அதிர்ஷ்டமும் ஒரு தகுதிதான்

பாக்டிரியம் என்பது இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தானின் பழைய மொழி. கிரேக்க எழுத்தில், ஒரே ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு எழுதப்பட்டது. 1957இல் சுர்க் கோத்தல் என்ற இடத்தில் ஒரு பெரிய கல்வெட்டு கிடைத்தது. அதைத் தவிர நாணயங்களும் சில துண்டுகளும் மட்டுமே இருந்தன. இப்படிப்பட்ட மொழியில் நிபுணராவது மீனில்லாத கடலில் வலை வீசுவதற்குச் சமம் என்று யாரும் கேலி செய்திருக்கலாம். சோக்தியத்தில் தேர்ந்த நிக்கொலஸ் சிம்ஸ்–வில்லியம்ஸ் அந்த மொழியையும் படித்து வைத்திருந்தார். 1990களில் தோலில் எழுதப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பாக்டிரிய ஆவணங்கள் சந்தைக்கு வந்தன. கடிதங்கள், கடன் பத்திரங்கள், நில விற்பனைகள். ஒரே பெண்ணைச் சகோதரர்கள் இருவர் மணந்துகொள்ளும் திருமண ஒப்பந்தமும் அவற்றில் உண்டு. 1993இல் ரபாதக்கில் கனிஷ்கரின் கல்வெட்டும் கிடைத்தது. கனிஷ்கரின் கொள்ளுத்தாத்தா முதல் அப்பா வரை பெயர் சொல்லி, குஷாணர் வம்சாவளியை நேர் செய்த கல்வெட்டு அது. அதில் அரசாணையை கிரேக்கத்திலிருந்து ‘ஆரிய’ மொழிக்கு மாற்றியதாக வருகிறது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் நாற்காலிகள் நகரும். இங்கே அது பாக்டிரிய மொழிக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர், அவ்வளவுதான்.

ஆவணம் வரும்போது படிக்க ஆள் தயாராக இருந்தார் என்பதே விஷயம். சிம்ஸ்–வில்லியம்ஸ் கேம்பிரிட்ஜில் இல்யா கெர்ஷெவிச்சின் மாணவர். கெர்ஷெவிச் ஹென்னிங்கின் மாணவர். ஹென்னிங் ஆந்திரேயாஸின் மாணவர். இந்தத் துறையில் படிப்பு நூலகத்தில் மட்டும் கிடைப்பதில்லை. சேதமான ஒரு வரியை எப்படி வாசிப்பது, எங்கே ஊகிக்கலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது.

பலூச்சிஸ்தானில் ஒரு திராவிட மொழி

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் இடமும் இருக்கிறது. பலூச்சிஸ்தானில் பலூச்சியோடு பின்னிப் பிணைந்து வாழும் பிராகூயி, திராவிட மொழி. சிந்துவெளிக் காலத்திலிருந்தே அது அங்கேயே இருந்தது என்று நம்மவர்கள் மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கலாம். ஈரானிய மொழியியலாளர் ஜோசப் எல்ஃபென்பைன் வேறொரு கேள்வி கேட்டார்: பிராகூயி கடன் வாங்கியிருக்கும் ஈரானியச் சொற்கள் எந்த அடுக்கைச் சேர்ந்தவை? ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே இருந்திருந்தால் அவெஸ்தா காலத்துச் சொற்களின் சுவடு தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் பலூச்சிச் சொற்களே இருக்கின்றன. பலூச்சியோ மேற்கிலிருந்து பிற்காலத்தில் வந்த மொழி. ஆகவே பிராகூயிகளும் பிற்காலத்தில்தான் அங்கே போயிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மறுக்க விரும்புகிறவர் அந்தக் கடன்சொற்களை எடுத்து வைத்துக்கொண்டுதான் மறுக்க வேண்டும்.

எமனோவோடு சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பு அகராதியைத் தொகுத்த தாமஸ் பரோவும் இளமையில் மத்திய ஆசியாவில் கிடைத்த, கரோஷ்டி என்ற பழைய எழுத்தில் அமைந்த ஆவணங்களில் உள்ள ஈரானியச் சொற்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியவர்தான்.

வேலை, சம்பளம், வரிசை

இன்றைக்கு இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவருக்குச் சமஸ்கிருதம் வேண்டும், இன்றைய பாரசீகம் வேண்டும், பழைய ஆய்வுகளைப் படிக்க ஜெர்மனும் பிரெஞ்சும் வேண்டும், ரஷ்ய மொழி இருந்தால் இன்னும் நல்லது. அதற்குமேல் ஓர் ஒலியியல் பயிற்சி. முனைவர் பட்டத்துக்குப் பிறகு உடனே நிலையான பதவி கிடைப்பது அரிது. நிதித் திட்டம் ஓடும்வரை இங்கே இரண்டு ஆண்டு, அங்கே மூன்று ஆண்டு என்று ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். லண்டன், ஹாம்பர்க், கோட்டிங்கன், பாரிஸ், உப்சாலா போன்ற சில இடங்களில் மட்டுமே இதற்கென்று வலுவான மரபு உண்டு. ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றதும் அந்தப் பதவியையே மூடிவிடும் அபாயமும் உண்டு.

பல வேலைகள் ஒருவர் ஆயுளில் முடிவதும் இல்லை. ஹரால்ட் பெய்லியின் கோத்தானிய அகராதி 1979இல் வந்தது. அவர் பிறந்தது 1899இல். ஹமதானில் பிறந்து, ஹென்னிங்கிடம் லண்டனில் படித்து, வடமேற்கு ஈரானின் தாத்தி வழக்குகளின் இலக்கணத்தை எழுதிய எஹ்சான் யார்ஷாத்தெர், ஈரானியக் கலைக்களஞ்சியத்தின் முதல் பகுதியை 1982இல் வெளியிட்டார். 2018இல் 98 வயதில் அவர் இறந்தபோதும் அகரவரிசை பாதியில்தான் நின்றது.

இந்தியாவில் பாரசீகத் துறைகள் பெரும்பாலும் இலக்கியத்தையே நடத்துகின்றன. அவெஸ்தாவும் நடுப்பாரசீகமும் படிக்க விரும்புகிறவர் பார்க்க வேண்டிய திசை மேற்கு. மும்பையின் காமா கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்திலும், குஜராத்தின் நவ்சாரியில் உள்ள மெஹர்ஜிராணா நூலகத்திலும் பார்சிகள் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக் காத்த சுவடிகள் இருக்கின்றன.